பூசைத் தட்டில் ஒரு பிஸ்டல்

பாரிஸின் லா சப்பலில் யாரும் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவதில்லை. கறிவேப்பிலைக் கட்டோ முருங்கைக்காயோ ஏதாவது ஒன்று கையில் தொங்கும். 2013 கோடையில் ஒரு சனிக்கிழமை லூசியன் ஐந்தாம் மாடிக்குப் படியேறி வந்தபோது அவன் கையில் இருந்தது பூட்டுப் போட்ட ஒரு கறுப்புப் பெட்டி.

கதவைத் திறந்த கோசலை பெட்டியைப் பார்க்கவில்லை. அவன் கையைத்தான் பார்த்தாள். கை நடுங்கவில்லை.

லூசியன் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகன், மெட்ரோ ஓட்டுநர். கோசலை யாழ்ப்பாணத்துக்காரி. முன்னறையில் மெஷின் போட்டுக் கடைகளுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். அவனுக்கு வேளாங்கண்ணி மாதா, அவளுக்கு நல்லூர்க் கந்தன். சமையலறைத் தட்டில் இரண்டு படங்களும் ஒரே விளக்கைப் பங்குபோட்டுக்கொண்டு சண்டையில்லாமல் இருந்தன. பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு இந்த ஊரில் அவன்தான் எல்லாம்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவன் ஓட்டிய ரயிலுக்கு முன்னால் ஒரு மனிதர் தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். பாய்ந்திருந்தால்கூட மறந்திருக்கலாம் என்று லூசியன் ஒரே ஒரு தடவை சொன்னான். அவர் பாயவில்லை. படியிறங்குவதுபோல நிதானமாக இறங்கி, நிமிர்ந்து நின்று, இவனைப் பார்த்தார். அன்றோடு இவன் கைகளில் நடுக்கம் வந்து குடியேறியது. மருத்துவ விடுப்பு, மாத்திரை, ரயில் சாவியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. கோப்பையைத் தூக்கினால் கோப்பி பாதி தட்டில் கிடக்கும்.

நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் மாலை அவன் ஜன்னலருகே நின்று, மேம்பாலத்தில் போகும் மெட்ரோவைப் பார்த்தபடி சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அந்த ஆளு மூஞ்சியில ஒரு நிம்மதி இருந்துச்சு கோசலை. எனக்கு அதப் பாத்துப் பொறாமையா இருக்கு."

அன்றிலிருந்து அவள் மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவன் கடைக்குப் போனால் இருபதடி பின்னால் இவளும் போனாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள். இந்த மனிதனைச் சாகவிடக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் பிஸ்டல் வரலாமா? வரக்கூடாதுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் பல வருடமாகத் துப்பாக்கிக் கழகத்தில் உறுப்பினன். அரசாங்க அனுமதி உண்டு, சுவரோடு சேர்த்து அறைந்த இரும்புப் பெட்டி உண்டு. பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருந்த அவன் அப்பாவின் பட்டாளத்து நண்பர் லூர்துசாமி முந்தைய குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் மனைவி ஜிஸ்லேன், காகித வேலை எல்லாம் முடித்து, அவருடைய பழைய பிஸ்டலை இவன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். பட்டாளம் வேண்டாமென்று கழித்துவிட்ட சரக்கு. அந்த மாதிரி பிஸ்டல் செய்வதை நிறுத்தி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

"பயப்படாத. இதுக்குத் தோட்டாவே இல்ல. இந்த அளவுல இப்ப யாரும் செய்யிறதில்ல," என்றான் லூசியன். கழகத்தில் ஒரு கிழவர் வேறு தோட்டாக்களை வெட்டிச் சரிசெய்து போடுவாராம். இவன் அதைக்கூடக் கேட்கப் போவதில்லை. சுத்தம் செய்து வைத்துக்கொள்ளத்தான் என்றான்.

தோட்டா இல்லாத துப்பாக்கி பல் பிடுங்கிய பாம்பு. கோசலை மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டு மேசையில் பழைய துவாய் விரியும். லூசியன் பிஸ்டலை ஒவ்வொரு பாகமாகப் பிரிப்பான். குழலுக்குள் கம்பியில் துணி சுற்றி விட்டு இழுப்பான். ஸ்பிரிங்கை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்ப்பான். தளர்ந்துபோன ஸ்பிரிங்குக்கு மாற்று கிடைக்காமல் பெல்ஜியம் வரைக்கும் ஆட்களுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் ஒன்று தபாலில் வந்த நாளில் குழந்தைபோலச் சிரித்தான். துளித் துளியாக எண்ணெய் விட்டுப் பூட்டும்போது அந்த விரல்கள் ஒரு மயிரிழைகூட ஆடாது. கோசலை மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். கைகளைத் திருப்பிக் கொடுத்தது மருந்தில்லை, இந்த இரும்புத்துண்டுதான். நன்றியில் அவளுக்குக் கண் கலங்கும்.

நவராத்திரி வந்தது.

ஆயுத பூசைக்குக் கோசலை ஒவ்வொரு வருடமும் வெள்ளைத் துணி விரித்துத் தட்டு வைப்பாள். அவளுடைய கத்தரிக்கோல், அளவு நாடா, தேங்காய் திருவலை, சமையல் கத்தி. அவற்றுக்கு நடுவே லூசியனின் ரயில் சாவி. அந்த வருடம் சாவி இல்லை. துணியில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஆம்பிளையின் இடம் பூசையில் வெறுமையாகக் கிடப்பது நல்லதற்கில்லை என்று அவளுக்குப் பட்டது. பேனா வைக்கலாமா, குடை வைக்கலாமா என்று யோசித்தாள். இப்போது அவன் கை தொட்டுச் செய்யும் தொழில் ஒன்றுதானே இருக்கிறது?

கேட்டதும் அவன் சிரித்தான். இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான்.

கோசலை பிஸ்டலை நடுவில் வைத்தாள். குழலின் மேல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். இவருக்கு நீதான் துணை, இவரைப் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று அந்த நேரம் அவள் யோசிக்கவில்லை.

பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து, பேருக்காவது அதற்கொரு வேலை கொடுக்க வேண்டும். ஒரு தையல் போட்டால் மெஷினுக்குப் போதும். ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கினால் கத்திக்குப் போதும். கும்பிட்டு எழுப்பிவிட்டு வேலை கொடுக்காமல் வைக்கக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். மறுநாள் அவள் தைத்தாள், நறுக்கினாள், தேங்காய் துருவினாள். பிஸ்டலை லூசியன் எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். தோட்டாவே இல்லாததற்கு என்ன வேலை கொடுப்பது? அவள் அதை அப்படியே மறந்துபோனாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் தொடங்கியது.

முதலில் மணம்தான் வந்தது. பூட்டிய இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய் மணத்தோடு ஈரமண் மணம். குழி தோண்டிப் போட்டதுபோல ஆழத்து மண்ணின் மணம். ஐந்தாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கீழ்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது சத்தம். மாலையில் மேம்பாலத்தில் மெட்ரோ போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த அதிர்வு அடங்கிய பிறகு, பெட்டிக்குள்ளிருந்து ஒன்று கேட்கும். இரும்பு இரும்போடு உரசிப் பின்னால் போய், திரும்ப முன்னால் வந்து விழுகிற சத்தம். தினமும் மேசையில் கேட்டுப் பழகிய சத்தம்தான்.

ஆனால் லூசியன் அப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் விடியலில் அவனை எழுப்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் வலது நெற்றிப் பொட்டில் சந்தனம். அதன் நடுவே குங்குமம். தொட்டாள்.

ஈரம்.

சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன் விழித்து, என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் இருந்தது. இப்போது துடைக்கும்போது அவள் கை நடுங்கியது. அவன் கை போர்வைமேல் கல்லாய்க் கிடந்தது.

நவம்பரில் மழை மூடிய ஒரு பிற்பகல். மேசையில் துவாய் விரித்து, லூசியன் வழக்கம்போலப் பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தான். உள்ளேயிருந்து ஏதோ துள்ளி மேசையில் விழுந்து, உருண்டு, அவளுடைய ஊசிப் பெட்டியில் முட்டி நின்றது.

ஒரு தோட்டா.

பித்தளை பச்சை பூத்திருந்தது. அடிப்பக்கத்தில் களிமண் ஒட்டியிருந்தது. மண் ஈரமாக இருந்தது.

 அன்றைக்கே இருவரும் குடைபிடித்துக்கொண்டு ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வரை நடந்துபோய் அதைக் கால்வாயில் எறிந்துவிட்டு வந்தார்கள். தண்ணீரில் அது விழுந்த வட்டத்தைக் கோசலை கண்ணால் பார்த்தாள்.

மறுநாள் லூசியன் மேல்பாகத்தை இழுத்தான். தோட்டா விழுந்தது. அதிலிருந்து கால்வாய்த் தண்ணீர் சொட்டித் துவாயை நனைத்தது.

கோசலைக்குக் கால் தரிக்கவில்லை. பிஸ்டலைக் கொமிசாரியாவில், போலீசிடம், கொடுத்துவிடுவோம் என்று கெஞ்சினாள். லூசியன் தோட்டாவை எடுத்துத் துடைத்தான். பச்சை போகும்வரை நிதானமாகத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்தாள். அவன் அன்று வர்ணித்த நிம்மதி அதுதான்.

அடுத்த நாள் அவனைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சீட்டாட உட்கார வைத்துவிட்டு, இரும்புப் பெட்டிச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு, சேன்-லசார் நிலையத்தில் ரயில் பிடித்து ஆர்ஜொந்தெய் போனாள்.

ஜிஸ்லேன் எண்பதைத் தொடும் ஒல்லியான கிழவி, அவளும் பாண்டிச்சேரிக்காரி. ஹீட்டரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தோட்டா என்ற சொல்லைக் கேட்டதுமே கையிலிருந்த ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டாள். பச்சை பூத்ததா, அடியில் சின்னதாக ஒரு கீறல் இருந்ததா என்று கேட்டாள். கோசலை ஓம் என்று தலையாட்டினாள்.

"நானே அத அவரு கோட்டுப் பையில வச்சு, பெட்டிய மூடச் சொன்னேன். அது அவரோட குழிக்குள்ளல்லமா இருக்கணும்," என்றாள் ஜிஸ்லேன்.

அப்புறம் அவள் சொன்னது இது. இந்தோசீனா யுத்தத்தின் கடைசி நாட்களில் லூர்துசாமியும் ஒரு சிநேகிதனும் காட்டில் சூழப்பட்டுக் கிடந்தார்கள். கையில் ஒரு பிஸ்டல், இரண்டு தோட்டா. உயிரோடு பிடிபடுவதில்லை என்று ஒருவர் தலையில் ஒருவர் அடித்துச் சத்தியம் செய்தார்கள். சிநேகிதன் கேட்டபடி லூர்துசாமி அவனுக்கு முடித்துவைத்தார். தனக்கென்று வந்தபோது கை நடுங்கியது. எவ்வளவு முயன்றும் நடுக்கம் நிற்கவில்லை. பிடிபட்டார், பிழைத்தார், பாரிஸுக்கு வந்தார், கல்யாணம் செய்தார். பிஸ்டலும் மிச்சத் தோட்டாவும் எப்படியோ அவரிடமே வந்து சேர்ந்தன. தினம் மாலை தோட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிஸ்டலைத் துடைப்பார். சில காலைகளில் அது தானாக உள்ளே போயிருக்கும். மறுபடி எடுத்து வைப்பார். சாகும்வரைக்கும் அவர் கை நடுக்கம் நிற்கவே இல்லை. அதுதான் அவரைக் காப்பாற்றியது என்றாள் கிழவி.

 லூசியனின் கை இப்போது நடுங்குவதில்லை என்றாள் கோசலை.

ஜிஸ்லேன் ஜெபமாலையை மறுபடி கையில் எடுத்தாள். அதற்கு நடுங்காத கை ஒன்று வேண்டியிருந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டாள்.

"அவரு செத்ததோட அது அடங்கிடுச்சுன்னுதான் குடுத்தேன். மாசக்கணக்கா சும்மாத்தானே கெடந்துச்சு. நீங்க அத ஏதாவது பண்ணீங்களா?"

"பூசையிலை வைச்சனான் அம்மா," என்றாள் கோசலை.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை. எழுப்பியது யார்? நான்தான். அவருடைய இடத்தில் வைத்துப் பொட்டு வைத்தது யார்? நான்தான். அவரைப் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்ததும் நானே. பார்த்துக்கொண்டது. நடுங்காத ஒரு கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கிறது. பாவி, பாவி என்று வாய்விட்டே அழுதாள். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரி ஒரு காகிதக் கைக்குட்டை நீட்டினாள்.

லா சப்பலில் இறங்கியபோது ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கடைகளில் விளக்கெரிந்தது. இரும்புப் பெட்டிச் சாவி இடுப்பில்தான் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. சீட்டுக்கட்டு தரையில் சிதறிக் கிடந்தது.

விளக்குப் போடவில்லை. ஈரமண் மணம் வீட்டை நிறைத்திருந்தது.

இரும்புப் பெட்டி பூட்டியபடியே இருந்தது.

பிஸ்டல் மேசையில் இருந்தது.

லூசியனின் வலது கை அதன்மேல் இருந்தது. நெற்றிப் பொட்டில் சந்தனமும் குங்குமமும் தெருவிளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனால் அந்தக் கை மட்டும் அழுகிறவனின் கையாக இல்லை.

"ஒரே ஒரு வேலைதான் கேக்குது கோசலை," என்றான். "முடிச்சுக் குடுத்துட்டா எல்லாம் அடங்கிடும்."

அவள் பக்கத்தில் போனாள். கத்தவில்லை. கத்தினால் அந்தக் கை பிஸ்டலைத் தூக்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு தையல் போட்டால் மெஷினுக்குப் போதும்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மெல்ல. "வேலையை நான் குடுக்கிறன்."

அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள். பக்கத்து நாற்காலியில், முந்தாநாள் வாங்கிய இருபது கிலோ அரிசி மூட்டை சாய்ந்து கிடந்தது. பிஸ்டலை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. லூசியன் தடுக்கவில்லை. அவன் விரல்கள் தளர்ந்துதான் இருந்தன. வேறு ஏதோ தடுத்தது.

அவள் கையின்மேல் மூன்றாவது கை ஒன்று இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. குளிர்ந்து, ஊறி, மண் ஒட்டியதாக இருந்தது. விடாமல் நடுங்கியது. அந்தக் கை பிஸ்டலை அங்குலம் அங்குலமாக மேலே, லூசியனின் நெற்றியை நோக்கித் தள்ளியது. கோசலை முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். முருகா என்றாள், மாதாவே என்றாள், லூர்துசாமி ஐயா என்றும் சொல்லிக் கெஞ்சினாள். உன்னுடையதை நீ எடுத்துக்கொள், என்னுடையதை எனக்கு விடு என்றாள். மேம்பாலத்தில் மெட்ரோ வந்தது. கண்ணாடிகள் அதிரத் தொடங்கின. ஒரு கணம் அந்தக் கையின் பிடி தளர்ந்தது. குழல்வாய் மூட்டைக்குள் புதைந்தது. அவள் விசையை அழுத்திவிட்டாள்.

சத்தம் மெட்ரோவின் சத்தத்தோடு கலந்து போனது. அரிசி கொட்டத் தொடங்கிக் கொட்டிக்கொண்டே இருந்தது.

லூசியனின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. இரண்டும். உதடும் சேர்ந்து நடுங்கியது. கோசலை அந்தக் கைகளைப் பிடித்து மாறி மாறி முத்தமிட்டாள். நடுங்கட்டும், ஆயுள் முழுக்க நடுங்கட்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலை பிஸ்டலைக் கொமிசாரியாவில் ஒப்படைத்தார்கள். உருக்கி அழித்துவிடுவார்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எதற்காக எழுந்து ஓடினார் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஒன்று மட்டும் கோசலையின் மனதை அரித்தது. மூட்டையில் உள்ளே போன ஓட்டை இருந்தது, வெளியே வந்த ஓட்டை இல்லை. அவள் இருபது கிலோவையும் கைப்பிடி கைப்பிடியாகச் சுளகில் போட்டுப் புடைத்தாள். தரையைத் தட்டிப் பார்த்தாள்.

குண்டு கிடைக்கவில்லை.

வேலை நடந்துவிட்டது, அதோடு விடு என்று மனதை அடக்கினாள்.

லூசியன் மெல்ல மெல்லத் தேறினான். மறுபடி ரயில் ஓட்ட முடியவில்லை. கோசலைக்குப் பிளவுஸ்களில் பொத்தான் வைத்துக் கொடுத்தான். நடுங்கும் விரலால் ஊசியில் நூல் கோக்க அவனுக்கு ஒரு யுகம் ஆகும். ஆறிப்போன கோப்பி தட்டில் சிந்தும். கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும் அந்தச் சத்தம்தான் அவளுக்குக் கோயில் மணி. அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவள் நிம்மதியாக மெஷினை மிதித்தாள்.

அடுத்த வருடம் நவராத்திரி வந்தது. அவளுக்குப் பூசை வைக்கவே பயம். லூசியன்தான் வற்புறுத்தினான். வெள்ளைத் துணி விரித்தாள். கத்தரிக்கோல், நாடா, திருவலை, கத்தி. நடுவில், அவனுடைய இடத்தில், அவன் பொத்தான் தைக்கும் ஊசியைச் சின்னத் துணியில் குத்தி வைத்தாள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். பின்னால் லூசியன் கோப்பியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னல் கண்ணாடி அதிர, மேம்பாலத்தில் மெட்ரோ போனது.

போய் அடங்கியது.

வீடு முழுக்க அமைதியாக இருந்தது. எதுவோ குறைந்தது. எது என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

கோப்பை தட்டில் அடிக்கவில்லை.

கற்பூரத் தட்டோடு திரும்பினாள். லூசியன் கோப்பையை உதட்டருகே பிடித்திருந்தான். ஒரு துளி சிந்தவில்லை. அவளைப் பார்த்து, ஆச்சரியத்தோடு, சந்தோஷமாகச் சிரித்தான்.

"பாரு கோசலை," என்றான். "நின்னுடுச்சு."

அவன் வலது நெற்றிப் பொட்டில் சந்தனம் ஈரமாக இருந்தது.

நாளை விஜயதசமி.